பட்டியலுக்கு முன்னால் ஒரு பிரபு: லோதியனும் நம் வாக்குரிமையும்

ஆலங்குளத்தில் கல்லூரி மாணவர்களோடு நாம் நடத்திவரும் சட்ட வாசிப்பு வட்டத்தில் அண்மையில் ஒரு கேள்வி எழுந்தது. சாதிச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்திருந்த மாணவி, "பட்டியல் சாதி என்கிறோமே, அந்தப் பட்டியலைப் போட முதலில் உட்கார்ந்தது யார்?" என்று கேட்டார். அண்ணல் அம்பேத்கர் என்று அறையின் பல மூலைகளிலிருந்தும் விடை வந்தது. அது பாதி விடைதான். இன்று நடப்பிலிருக்கும் பட்டியல் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து வருகிறது. அதற்குத் தாய் 1936ஆம் ஆண்டு ஆணை. அந்த ஆணைக்கு அடிப்படை 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். அச்சட்டத்துக்காக, தீண்டப்படாதார் எனச் சட்டத்தின் கண்ணில் யாரைக் கொள்வது, அவர்களில் எத்தனை பேருக்கு வாக்குத் தருவது என்று 1932இல் ஊர் ஊராகச் சென்று விசாரித்தது இந்திய வாக்குரிமைக் குழு. அக்குழுவில் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். தலைவராக அமர்ந்திருந்தவர் ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பமொன்றின் வாரிசு, 11ஆம் லோதியன் மார்க்விஸ் ஃபிலிப் கெர்.

நம் வாழ்க்கையை இவ்வளவு தொட்டுச் சென்ற ஒருவரைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 'லோதியன் குழு' என்ற பெயர் பூனா ஒப்பந்தம் பற்றிய நூல்களில் ஒரு வரியில் வந்து போய்விடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தவரை அறிந்துகொள்வது, நமக்குக் கிடைத்த உரிமை எத்தகைய கைகளின் வழியாக, எவ்வளவு குறைக்கப்பட்டு வந்தது என்பதை அறிய உதவும்.

ஃபிலிப் கெர் 1882 ஏப்ரல் 18 அன்று லண்டனில் பிறந்தார். தந்தைவழித் தாத்தா 7ஆம் லோதியன் மார்க்விஸ். தாய்வழித் தாத்தா நார்ஃபோக் கோமகன், இங்கிலாந்துக் கத்தோலிக்கப் பிரபுக்களில் முதல்வர். எடின்பரோ அருகே நியூபேட்டில் மடம், எல்லைப்புறத்தில் மான்டிவியட், இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிளிக்ளிங் மாளிகை எனக் குடும்பத்துக்குப் பரந்த சொத்து. நியூபேட்டில் நிலத்தின் அடியில் நிலக்கரி இருந்தது. அந்தக் கரியை வெட்டியவர்களின் கதையை இங்கே ஒரு நிமிடம் நின்று சொல்லியாக வேண்டும். 1606ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஸ்காட்லாந்தின் நிலக்கரித் தொழிலாளர்களைச் சுரங்க முதலாளியோடு பிணைத்து வைத்தது. ஒப்புதல் இன்றி வேறு இடத்தில் வேலைக்குச் செல்ல முடியாது, ஓடிப்போனால் பிடித்துவரலாம். சுரங்கம் கைமாறினால் தொழிலாளியும் அதோடு சேர்ந்து கைமாறினான். 1799இல்தான் அது முற்றாக ஒழிந்தது. தஞ்சையின் பண்ணையாள் முறையை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளையரின் நாட்டிலும் பிறப்பால் பிணைக்கப்பட்ட உழைப்பாளிகள் இருந்தார்கள். அவர்களைப் பிணைத்து வைத்திருந்த வர்க்கத்திலிருந்தே நம் குழுத் தலைவர் வந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரியில் படித்து முடித்த கெர் 1905இல் தென்னாப்பிரிக்கா சென்றார். போயர் போருக்குப்பின் அந்நாட்டைச் சீரமைக்க மில்னர் பிரபு திரட்டிய ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் குழுவுக்கு 'மில்னரின் பாலர் பள்ளி' என்று கேலிப்பெயர் உண்டு. நான்கு குடியேற்றங்களையும் ஒரே நாடாக இணைக்க வேண்டும் என்று அவ்விளைஞர்கள் பரப்புரை செய்தனர். அதற்கான இதழுக்குக் கெர் ஆசிரியராக இருந்தார். இணைப்பு 1910இல் நிறைவேறியது. 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, புதிய நாடாளுமன்றத்தில் அமர ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டுமே தகுதி. கேப் பகுதியில் சொத்துள்ள கறுப்பின மக்களுக்கு முன்பிருந்த வாக்குரிமை ஒட்டிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்வாலிலும் ஆரஞ்சு நதிப் பகுதியிலும் அதுவும் இல்லை. அதே ஆண்டுகளில்தான் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறை சென்றுகொண்டிருந்தார்கள். யாருக்கு வாக்கு, யாருக்கு இல்லை என்ற கணக்கைக் கெர் கற்ற முதல் பள்ளிக்கூடம் அது.

நாடு திரும்பி 1910இல் பேரரசு அரசியலுக்கென 'ரவுண்ட் டேபிள்' இதழைத் தொடங்கினார். 1916இல் பிரதமர் லாய்ட் ஜார்ஜின் தனிச்செயலரானார். முதல் உலகப்போருக்குப் பிந்தைய பாரிஸ் அமைதி மாநாட்டில், போருக்கான பழி ஜெர்மனியினுடையதே என்று நேச நாடுகள் அனுப்பிய கடுமையான மறுமொழிக் கடிதத்தை வரைந்தவர் இவர்தான். 1925 முதல் ரோட்ஸ் அறக்கட்டளையின் செயலர். 1930இல் ஒன்றுவிட்ட சகோதரர் வாரிசின்றி இறக்க, 47ஆம் வயதில் பட்டமும் நிலமும் பிரபுக்கள் அவையில் ஓர் இருக்கையும் அவரை வந்தடைந்தன. 1931இல் தேசிய அரசு அமைந்தபோது முதலில் லங்காஸ்டர் கோமகச் சிற்றரசின் அமைச்சர், சில மாதங்களில் இந்தியாவுக்கான துணை அமைச்சர்.

இந்த நீண்ட பதவி வரிசையில் இல்லாத ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு முறைகூட அவர் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பொதுமக்கள் அவையில் அவர் அமர்ந்ததே இல்லை. அக்காலப் பிரிட்டிஷ் சட்டப்படி, பிரபுக்கள் அவைக்கு உரியவர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் முடியாது. ஆகவே 1930க்குப் பின் அவருக்கே வாக்கு இல்லை. அது இழப்பன்று என்பதும் உண்மை. பிறந்ததாலேயே சட்டமியற்றும் அவையில் இருக்கை உள்ளவருக்கு வாக்குச்சீட்டு எதற்கு? பிறப்பால் இருக்கை பெற்ற அந்த மனிதர், பிறப்பால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் யாருக்கு வாக்குத் தரலாம் என்று முடிவு செய்ய 1932 ஜனவரியில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இரண்டாம் வட்டமேசை மாநாடு சிக்கலில் முடிந்திருந்த நேரம் அது. அம்மாநாட்டில் நம் தரப்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி கேட்டிருந்தனர்; காந்தியார் அதை எதிர்த்திருந்தார். விடுபட்ட பணிகளை முடிக்கப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு மூன்று குழுக்களை அமைத்தார். வாக்குரிமை லோதியனுக்கு வந்தது. மக்கள்தொகையில் குறைந்தது 10 விழுக்காடு, கூடினால் 25 விழுக்காடு என்ற வரம்பும் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. வயது வந்தோர் எல்லார்க்கும் வாக்கு என்பது பேச்சுக்கு எடுக்கப்பட்டு, அவ்வளவு பேருக்கு வாக்குச்சாவடி நடத்த அலுவலர் இல்லை, படிப்பறிவு இல்லை என்ற காரணங்களோடு ஒதுக்கப்பட்டது. 1928இலேயே சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வயதுவந்தோர் வாக்குரிமையைக் கோரியிருந்தார் என்பதை இங்கே நினைவிற்கொள்க. 1951-52 தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோரை வாக்காளர் பட்டியலில் சேர்த்து இந்தியா அதை நடத்தியும் காட்டியது. முடியாது என்று சொல்லப்பட்டதற்கும் நடந்ததற்கும் இடையே 20 ஆண்டுகள்தாம்.

மாகாணந்தோறும் அரசின் கணக்கு ஒன்றும், உள்ளூர்ப் பிரமுகர்கள் அடங்கிய மாகாணக் குழுவின் கணக்கு ஒன்றும் லோதியன் குழுவின் முன் வைக்கப்பட்டன. அதில் நிகழ்ந்த கூத்தை அம்பேத்கர் பின்னாளில் எண்களோடு பதிவு செய்தார். ஐக்கிய மாகாணத்தில் தீண்டப்படாதார் 1 கோடியே 26 லட்சம் என்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 68 லட்சம் என்றது மாகாண அரசு. மாகாணக் குழுவோ 6 லட்சம்தான் என்றது. வங்காளத்தில் கணக்கெடுப்பின்படி 1 கோடியே 3 லட்சம். மாகாண அரசின்படி 1 கோடியே 12 லட்சம். மாகாணக் குழுவின்படி வெறும் 70 ஆயிரம். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் ஒரு விசாரணை அறையின் மேசையில் காணாமற்போனார்கள். கிணற்றிலும் கோயில் வாசலிலும் துல்லியமாக அடையாளம் காணப்பட்டவர்கள், சட்டமன்ற இருக்கையைப் பங்கிட வேண்டும் என்றதும் எவர் கண்ணுக்கும் தெரியாதவர் ஆயினர். சென்னை மாகாணத்தில் இப்படிப்பட்ட தகராறு எழவில்லை. இங்கே தீண்டாமை, மறுத்துப் பேச ஒருவருக்கும் நா எழாத அளவுக்கு வெளிப்படையாக இருந்தது. அதைத் தமிழகத்தின் நேர்மை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

குழு ஒரு வரையறைக்கு வந்தது. தொட்டாலோ நெருங்கினாலோ தீட்டு என்று கருதப்படுவோர், அல்லது சாதாரண இந்துக் கோயில்களின் உள்ளே அனுமதி மறுக்கப்படுவோர் ஆகியோரே இதில் அடங்குவர். வறுமை மட்டும் போதாது, பழங்குடியினர் வேறு. அம்பேத்கர் இந்த வரையறையை ஏற்றார். ஆனால் 1932 மே 1 நாளிட்ட தனிக்குறிப்பு ஒன்றில் அதற்கொரு காப்பும் எழுதினார். சட்ட மாணவர்கள் தேடி வாசிக்க வேண்டிய குறிப்பு அது. உடலால் தொடுவதைத் தவிர்ப்பது தீண்டாமையின் ஒரு வடிவம் மட்டுமே என்று அவர் வாதிட்டார். இரயிலில் அருகருகே உட்கார வேண்டியிருப்பதால் ஒருவன் தொடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மனத்தில் தீட்டு என்ற எண்ணம் இருக்கும்வரை தீண்டாமை இருக்கிறது என்றே சட்டம் கொள்ள வேண்டும் என்பது அவர் நிலை. இன்று பட்டாசு ஆலையின் ஒரே அறையில் எல்லாச் சாதியாரும் திரி வெட்டுகிறார்கள், ஆகவே இங்கே சாதி இல்லை என்று நீதிமன்றத்தில் வாதிடுவோரைச் சந்திக்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பு நம் நினைவுக்கு வருகிறது.

வாக்காளர் எண்ணிக்கையில் குழு செய்தது சிறிதன்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 70 லட்சம் பேருக்கு வாக்கு இருந்தது. அதை 3 கோடியே 60 லட்சமாக உயர்த்தக் குழு பரிந்துரைத்தது. பெண் வாக்காளர் 3 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 66 லட்சமாக உயர்வர். ஆயினும் தகுதிக்கு அளவுகோல் அடிப்படையில் சொத்தும் வரியும் படிப்பும்தான். கரிசல் காட்டில் பிறர் நிலத்தில் களையெடுத்த நம் பாட்டன்மாருக்குப் பட்டா ஏது, வரி ரசீது ஏது? பறையர் நிலை பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் தந்த அறிக்கையை அடுத்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் பலவாறு கைமாறத் தொடங்கியிருந்தன. பொதுவான தகுதியை வைத்தால் தலித்துகளில் மிகச் சிலரே வாக்காளர் ஆவர், அவர்களுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்த வேண்டும் என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. அது அம்பேத்கர் அந்த அறையில் இருந்ததன் பயன். அவ்வளவு தளர்த்திய பிறகும் பெரும்பான்மைத் தலித்துகள் வாக்கின்றியே 1937 தேர்தலைக் கண்டனர்.

அடுத்து நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1932 ஆகஸ்டில் மெக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாண அவைகளில் 71 தனி இடங்களும் இரட்டை வாக்குரிமையும் வழங்கியது. அவ்விடங்களில் நாம் மட்டுமே வாக்களித்து நம் உறுப்பினரைத் தேர்வோம். பொதுத் தொகுதியிலும் நமக்கு வாக்கு உண்டு. எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 என்பது 30 ஆனது. ஆனால் இறுதித் தேர்தல் கூட்டுத் தொகுதியில் நடக்கும். நாம் முதற்கட்டத்தில் நால்வரைத் தேர்வோம்; அந்நால்வரில் யார் உறுப்பினர் என்பதைச் சாதி இந்துக்களின் எண்ணிக்கை தீர்மானிக்கும்.

அந்த வாரத்தில் லோதியன் என்ன செய்தார்? பூனா ஒப்பந்தத்துக்கு நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று பதவி விலகினார். காரணம் நாமல்லர். ஒட்டாவா மாநாட்டில் பேரரசு நாடுகளுக்குள் செய்துகொண்ட இறக்குமதி வரி உடன்பாடு தாராளவாதக் கட்சியின் தடையற்ற வணிகக் கொள்கைக்கு முரணானது என்பதால், தம் கட்சியின் பிற அமைச்சர்களோடு அவரும் வெளியேறினார். ஐந்து மாதங்களுக்கு முன் யாருடைய எண்ணிக்கைக்காக ஒரு துணைக்கண்டத்தைச் சுற்றினாரோ, அவர்களுடைய இரட்டை வாக்கு பறிபோனது அவருக்குப் பதவி துறக்கும் விவகாரமாகத் தோன்றவில்லை. மாவுக்கும் இறைச்சிக்குமான வரி தோன்றியது. அவரைக் கொடியவர் என்று சொல்ல நாம் வரவில்லை. அவர் காலத்துப் பிரபுக்களில் அவர் நல்லவர் வரிசையில்தான் நிற்பார். 1937இல் நியூபேட்டில் மடத்தை உழைக்கும் மக்கள் படிக்கும் கல்லூரிக்காக வழங்கினார். ஆனால் அவர் பார்வையில் நாம் ஓர் எண். தீர்க்க வேண்டிய ஒரு நிர்வாகச் சிக்கல். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் மறுநாளே அமர்ந்தவர், அவருடைய குழுவிலேயே உறுப்பினராக இந்தியாவைச் சுற்றிவந்த ஆர்.ஏ. பட்லர்.

எஞ்சிய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்றுச் செயற்படுமாறு நேருவுக்குக் கடிதங்கள் எழுதினார். 1938 ஜனவரியில் சேவாகிராமம் வந்து காந்தியாரோடு தங்கினார். வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு இழைத்த அநீதியில் தமக்கும் பங்குண்டு என்ற குற்றவுணர்வு அவரை வேறொரு குழியில் தள்ளியது. 1935இலும் 1937இலும் ஹிட்லரைச் சந்தித்தார். அவரோடு இணக்கம் காணலாம் என்று வாதிட்டார். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் அவ்விரு சந்திப்புகளுக்கும் இடையில், 1935 செப்டம்பரில் வந்தவை. 1939இல் அமெரிக்காவுக்கான பிரிட்டிஷ் தூதராகி, அமெரிக்க உதவியைத் தன் நாட்டின் பக்கம் திருப்புவதில் பெரும்பங்கு ஆற்றினார். கத்தோலிக்கராக வளர்ந்து கிறிஸ்தவ விஞ்ஞான சபையில் சேர்ந்திருந்த அவர், நோயுற்றபோதும் மருத்துவரை மறுத்து, 1940 டிசம்பர் 12 அன்று வாஷிங்டனில் இறந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. பட்டம் வேறொரு உறவினருக்குச் சென்றது. பிளிக்ளிங் மாளிகை தேசிய அறக்கட்டளைக்குச் சென்றது.

அவருடைய குழுவும் அதைத் தொடர்ந்த ஒப்பந்தமும் நமக்கு விட்டுச் சென்றவை இன்னும் நம் வாசலில் கிடக்கின்றன. ஒன்று, பிறர் வாக்கில் நம் இருக்கை என்பது. அது நடைமுறையில் என்னவாகும் என்பதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். பத்தாண்டுகள் அங்கே தலைவர் நிலைக்கவில்லை. வேட்புமனுவே தாக்கலாகாது, அல்லது ஆதிக்கச் சாதியார் நிறுத்திய ஒரு தலித் வென்று உடனே பதவி விலகுவார். 2006 அக்டோபரில்தான் அவற்றுக்கு உண்மையான தேர்தல் வாய்த்தது. மேலவளவில் 1997 ஜூனில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் அறுவரும் வெட்டிக் கொல்லப்பட்டதற்கும் வேர் இதுவே. தனித்தொகுதியான திருவில்லிபுத்தூரில் யார் வெல்வார் என்பதைத் தலித் வாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை இப்பகுதியில் தேர்தல் வேலை பார்த்த எவரும் அறிவர். 1952இல் அம்பேத்கரே வட பம்பாயில் தோற்றார்.

மற்றொன்று, அந்த வரையறைக்குள் புகுந்த மதம். கோயில் நுழைவு மறுப்பை ஓர் அளவுகோலாக வைத்ததும், தீண்டாமை இந்துக்களுக்குள் மட்டும் நிகழும் ஒன்று எனச் சட்டம் வாசிக்கத் தொடங்கியது. 1936ஆம் ஆண்டு ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியாராகக் கருதப்படமாட்டார் என்று வெளிப்படையாகவே எழுதியது. அன்று அதற்கு ஒரு நிர்வாகக் காரணமேனும் இருந்தது: இந்தியக் கிறித்தவர்களுக்கெனத் தனி வாக்காளர் தொகுதி இருந்தது, ஒருவர் இரு பட்டியலில் நிற்க முடியாது. 1950இல் கிறித்தவர்க்கான தனித்தொகுதிகள் ஒழிந்தன. காரணம் போயிற்று, விலக்கு மட்டும் 1950ஆம் ஆண்டு ஆணையின் 3ஆம் பத்தியாக நின்றுவிட்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றனர். இதனால் இழப்பது இடஒதுக்கீட்டு அளவு மட்டுமன்று. சாதிப் பெயர் சொல்லி ஏசப்பட்டாலும் அடிக்கப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்களால் வழக்குப் பதிய முடியாது. ஏசுகிறவர் ஒருபோதும் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டுவிட்டு ஏசுவதில்லை. இந்தத் தடையை நீக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அமைத்த நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் இரண்டாண்டுக் கெடு முடிந்தபின் நீட்டிப்பும் பெற்றது.

வாசிப்பு வட்டத்தில் கேள்வி கேட்ட மாணவியின் கையிலிருந்த சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்று இருந்தது. அவருடைய பெரியப்பா மகளின் சான்றிதழில் 'பட்டியல் சாதி' என்று இருக்கிறது. இரு வீடுகளும் ஒரே தெருவில், ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. ஊருக்குள் இருக்கும் தேநீர்க் கடையில் இருவரின் தாத்தாவுக்கும் ஒரே இரட்டைக் குவளைதான் இருந்தது.